ஏழாம் கம்பத்துக் கொக்கிக்காரி

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் இரண்டுக்கும் வசதி இல்லை.

நம் படகுத்துறையில் ஏழாம் கம்பத்தை ஒட்டிப் புது மேடை கட்டி, அதற்கு அப்பாவின் பெயரை வைக்கப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஏப்ரல் பத்தொன்பது திறப்பு விழா. அன்று வெளியிடத் துறைமுக அலுவலகம் ஒரு வரலாற்றுக் கையேடு போடுகிறது. ஆவணக் காப்பகத்தில் முப்பது வருடம் தூசி தட்டியவன், தவிர ஆழம் அளப்பவரின் மகன் என்பதால் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மொத்தம் முப்பத்திரண்டு பக்கம். பதினான்கு பக்கம் அதிகாரிகளின் புகைப்படம். நான்கு பக்கம் அதே அதிகாரிகளின் வாழ்த்துரை. மீதியில் நானூறு ஆண்டுகளை அடக்க வேண்டும். அடங்கிவிடும் என்றுதான் தோன்றுகிறது. நம் துறைக்கு ஓர் அரசன் வருவதாக இருந்து, வரவில்லை. ஒரு போர் அக்கரையோடு முடிந்துவிட்டது. முதலில் உப்பு ஏற்றினார்கள், பிறகு மரம் ஏற்றினார்கள், இப்போது ஆட்களை ஏற்றுகிறார்கள்.

நாட்டார் கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு இருப்பது ஒரே ஒரு பேய், ஏழாம் கம்பத்துக் கொக்கிக்காரி. அவள் கதை எனக்குச் சரியாகத் தெரியாது. நான் ஊரில் இருந்தவரை அவளைப் பற்றிப் பேச்சே கிடையாது. படிக்க வெளியூர் போய் முதல் விடுமுறைக்குத் திரும்பியபோது அவள் இருந்தாள். நானூறு வருடமாக இருக்கிறாள் என்றார்கள். நீ அங்கேயே வளர்ந்தவள், துறையிலேயே டிக்கெட் கொடுப்பவள். ஊரில் எத்தனை விதமாகச் சொல்கிறார்களோ அத்தனையையும் எழுதி அனுப்பு. சொன்னவர் என்ன தொழில், சொன்ன தேதி என்ன, இரண்டும் வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

நலமா என்று ஒரு வரி கேட்காமல் பேயைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறாய். நாங்கள் நலம். பேயும் நலம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நினைவுக்கல்லைத் திறந்த அன்று, "நாற்பது ஆண்டுகள் இத்துறையின் ஆழம் அளந்தவர்" என்று அத்தனை பேர் முன்னால் வாசித்து முடித்ததும், நீ எழுந்து நின்று "முப்பத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம்" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. எட்டு மாதத்தை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் உன் காப்பகம் இடிந்து விழுந்திருக்காது.

இனி உன் பேய்.

டிக்கெட் வரிசையில் நிற்கும் தையற்காரர் சொன்னது: அவள் கல்யாணப் பெண். படகுக்குக் காத்து நின்றபோது யாரோ வீசிய கொக்கி பட்டு ஆற்றில் விழுந்தாள். அதிலிருந்து ஆண்களின் சட்டைக் காலரில் கொக்கியை மாட்டி உள்ளே இழுக்கிறாள்.

சைக்கிள் கடைக்காரர் சொன்னது: கல்யாணப் பெண் இல்லை, உப்பு வியாபாரியின் மனைவி. மற்றதெல்லாம் அதேதான். காலரும் அதே காலர்தான்.

உன் மாப்பிள்ளை சொன்னது: "எவளா இருந்தா என்ன, வெள்ளைச் சட்டைக்காரனைத்தான் பிடிப்பா. நமக்கென்ன பயம்?" இப்படிச் சொல்பவர் இருபத்தைந்து வருடமாக ஏழாம் கம்பத்தின் பக்கம் படகைத் திருப்பியதில்லை. மற்றவர்களும் அப்படித்தான்.

இப்போது திருப்பியாக வேண்டும். புதுப் படகு வந்திருக்கிறது. நூற்றிருபது பேர் உட்காரலாம். மிதக்க ஆறடி தண்ணீர் வேண்டுமாம், அவ்வளவு பெரிசு. இவரைத்தான் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். விழாவன்று ஆட்களோடு வந்து அப்பா பெயர் வைத்த மேடையில், ஏழாம் கம்பத்தில் கட்ட வேண்டும். புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே சலாம் வைத்துக்கொள்கிறார். "பேய்க்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். "மாமனார் பேரு போட்ட இடம், மாப்பிள்ளையைத் தொடமாட்டா" என்கிறார்.

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் நல்லபடியாக எழுது. எட்டு மாதத்தை விட்டுவிடு.

தங்கை

பிப்ரவரி 28

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கதைகளும் கிடைத்தன. இனி நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. உட்கார்ந்து படி.

நீ கேட்டபடி அப்பாவின் பக்கத்தை நல்லபடியாகவே தொடங்கினேன். "தினமும் காலையில் ஏழு கம்பங்களின் அடியிலும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, தண்ணீர் எத்தனை அடி என்று கரும்பலகையில் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் படகுகளைக் கட்டுவார்கள்." இத்தோடு இரண்டு எண்களையும் சேர்க்கலாமே என்று அவருடைய ஆழப் பதிவேடுகளை எடுத்தேன். அவற்றின் நகல் ஆண்டுதோறும் எங்கள் காப்பகத்துக்கு வந்துவிடும். யாரும் பிரித்ததில்லை. பிரிக்க வேண்டும் என்று விதியும் இல்லை.

முதல் ஆறு கம்பங்களின் எண்கள் மழைக்காலத்தில் ஏறுகின்றன, வெயிலில் இறங்குகின்றன. ஏழாவதும் முதல் பதினேழு வருடம் அப்படித்தான். பிறகு ஒரு ஜூலை ஒன்பதாம் தேதி பதினொரு அடி. பத்தாம் தேதி பதினொரு அடி. அவர் ஓய்வு பெறும்வரை, இருபத்திரண்டு வருடமும், பதினொரு அடி. வெள்ளம் வந்த வாரத்தில் மற்ற ஆறு கம்பங்களிலும் தண்ணீர் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. ஏழாவது மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் பதினொன்றிலேயே நின்றிருக்கிறது.

ஆறு அப்படி இருக்காது. அப்பா அங்கே அளக்கவே இல்லை. நான் படிக்கப் போன வருடம் அது. பேய் வந்ததும் அதே வருடம். அளக்கப் போகாமல் இருக்க அப்பாவே கட்டிவிட்ட பேய் அவள் என்பது என் முடிவு.

வருத்தப்பட நேரமில்லை. அவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அலுவலக வரைபடத்தில் இன்றும் இருப்பது அப்பாவின் கடைசி எண். நாற்பது வருடமாக ஒரு படகும் ஒதுங்காத இடத்தில் ஆறு எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கும்? நூற்றிருபது பேரோடு மாப்பிள்ளை அங்கே போனால் படகின் அடி கிழியும். பழி ஓட்டியவர் மேல்தான் விழும். வரைபடத்தை யாரும் கைது செய்ய மாட்டார்கள்.

அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு எழுதிவிட்டேன். கையேட்டிலும் எழுதுவேன்.

அண்ணன்

மார்ச் 5

ஆவணக் காப்பக உதவியாளர் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கிழித்துப் போட்டேன். பிறகு, தாங்கள் எதையும் இரண்டு நகல் வைத்திருப்பீர்கள், கிழித்துப் பயனில்லை என்று நினைவு வந்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

நாற்பது வருடத்தில் தாங்கள் இந்த ஊரில் தங்கிய நாட்களை எண்ணினால் ஒரு வருடம் தேறாது. அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தபோது திருப்பிப் படுக்க வைத்தவள் நான். அவர் தூக்கத்தில்கூட எண்கள்தான் சொல்வார். ஒன்று, எட்டு. இரண்டு, ஒன்பதரை. அந்த மனிதர் வேலைக்குச் சோம்பிப் பேயைக் கட்டிவிட்டார் என்று இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். முன்பு எட்டு மாதத்தை எடுத்தீர்கள். இப்போது இருபத்திரண்டு வருடத்தை எடுத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் தேடினால் அவர் பிறக்கவே இல்லை என்றுகூட ஆதாரம் கிடைக்கலாம்.

உங்கள் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தொப்பியில் இருக்கிறார்.

இப்படிக்கு,
டிக்கெட் கொடுப்பவள்

மார்ச் 12

தங்கச்சிக்கு,

நீ "தாங்கள்" என்று எழுதியதை உன் அண்ணி படித்துவிட்டு, "பரவாயில்லையே, இந்த மரியாதை உங்களுக்கு வீட்டுல கிடைக்காது" என்றாள்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்: "ஏழாம் கம்பத்தின் ஆழம் குறித்துத் தாங்கள் எழுப்பிய ஐயம் பரிசீலிக்கப்பட்டது. பதிவேட்டைச் சரிபார்த்ததில் ஆழம் பதினொரு அடி என்பது உறுதியாகிறது." பதிவேடு என்றால் அப்பாவின் பதிவேடு. அப்பா எழுதியது தவறு என்று நான் சொன்னதற்கு, அப்பாவையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் இருபத்திரண்டு வருடமாக மாற்றிப் பேசாத சாட்சி.

சோம்பல் என்று நான் எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. படுக்கையில் எண்கள் சொன்னார் என்று எழுதினாயே, ஏழாவதற்கு என்ன சொல்வார்? சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம்.

ஒன்று மட்டும் செய். நான் சொல்வதை நம்பாதே, அளந்து பார். அப்பாவின் ஈயக்குண்டுக் கயிறு உன்னிடம்தான் இருக்கிறது. பதினொன்று என்று வந்தால் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், கல்லில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள். மாப்பிள்ளையின் கையில் சக்கரம் இருக்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன்

மார்ச் 20

அண்ணாவுக்கு,

ஏழாவதற்கு அப்பா எதுவும் சொல்ல மாட்டார். ஆறோடு நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். நான் அதைக் கவனித்ததில்லை. நீ கேட்ட பிறகுதான் உறைத்தது.

அளந்தேன்.

தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, நண்பகலில் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனேன். மேடை நுனிக்கு இன்னும் கைப்பிடி போடவில்லை. ஆறாம் கம்பத்துக்கு எதிரே கயிற்றுக்கடை வைத்திருக்கும் அக்காவை உனக்கு நினைவிருக்கும். எழுபது வயதாகிவிட்டது, இன்னும் ஊரில் எல்லோருக்கும் அக்காதான். கடையை விட்டு எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னடி, உங்கப்பா விட்ட வேலையைப் பிடிச்சுக்கிட்டியா?"

"ஆழம் பாக்கணும்க்கா."

"இரு, இடுப்பைப் பிடிச்சுக்கறேன். ஒரு குடும்பத்துல ரெண்டு பேரைத் தூக்க எனக்கு இப்ப தெம்பு இல்ல."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குண்டு தட்டிவிட்டது. அப்பா அடிக்கு ஒன்றாகப் போட்ட முடிச்சுகளில் ஐந்தாவது நனையவே இல்லை. நாலரை அடி.

பிறகு மேடையிலேயே உட்கார்ந்தோம். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தொழில் கயிறு விற்பது, தேதி மார்ச் பதினெட்டு, குறித்துக்கொள்.

"உங்கப்பாவுக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

"அப்ப இங்க ஏது மேடை? ஆறாம் கம்பத்துலருந்து ஒத்தப் பலகைதான். ஒரு நாள் காலையில கால் வழுக்கிடுச்சு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தொப்பி. தொப்பி மிதக்குது, ஆளைக் காணோம். படகு இழுக்கிற கொக்கியை விட்டுத் துழாவினேன். காலர் மாட்டுச்சு. மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்துப் போட்டேன். தண்ணியைக் கக்கிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'யாராச்சும் பாத்தாங்களா?'ன்னார்."

பார்த்தவர்கள் நான்கு படகுக்காரர்கள். நான்கு பேரும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஆற்றை ரசித்தார்களாம்.

மறுநாள் அப்பா பலகையில் ஒரு கால் வைத்தார், தண்ணீரைப் பார்த்தார், திரும்பிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. அதிலிருந்து படகுக்காரர்கள் ஏழாம் கம்பத்தில் கட்டுவதை விட்டுவிட்டார்கள். கட்டாத இடத்துக்கு என்ன எண் எழுதினால் என்ன? பிறகு ஒரு புது மேலதிகாரி வந்து, "ஏழாவதை என் எதிரில் அளந்து காட்டுங்கள்" என்று நின்றிருக்கிறார். அவரும் வெள்ளைச் சட்டை. "அங்க ஒருத்தி இருக்கா சார், வெள்ளைச் சட்டைன்னா காலரைப் பிடிச்சு இழுத்துடுவா" என்று ஒரு படகுக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். அதிகாரி அதன் பிறகு துறைக்கே வரவில்லை. அந்த நான்கு பேரும் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகள் உண்மையாகவே பயப்படுகிறார்கள்.

"வெளிய இழுத்தவ நான். உள்ள இழுக்கிறவளும் நான்" என்றார் அக்கா. "நான் செத்த கதையை என் கடை வாசல்லயே நின்னு எனக்கே சொல்லிட்டுப் போறாங்க. நானும் 'அப்படியா, அடப் பாவமே'ன்னு கேட்டுக்குவேன்."

உன் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர், "மேடை என் பிரிவு, தண்ணி வேற பிரிவு" என்றாராம். தண்ணீர்ப் பிரிவில், "அளக்குறதுக்குப் பதவி இல்ல. பதவி இல்லாதவங்க அளந்தா அது அளவே இல்ல" என்றார்களாம். ஓட்ட முடியாது என்றால் வேறு ஆளைப் போடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேறு ஆளுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

நான் என் வழியில் ஒன்று செய்து பார்க்கிறேன். என்ன என்று கேட்காதே.

தங்கை

மார்ச் 31

தங்கச்சிக்கு,

எனக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவர் ஆற்றில் குளித்து நான் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அலுவலகத்திலிருந்து அவசரத் தபால் வந்திருக்கிறது. "நிர்வாகக் காரணங்களுக்காக" புதுப் படகை மூன்றாம் கம்பத்தில் நிறுத்துகிறார்களாம். கொக்கிக்காரியின் பகுதியை இரண்டு பக்கமாக விரிவாக்கி, "அண்மைக்காலத் தோற்றங்களையும்" சேர்க்கச் சொல்கிறார்கள். நான் ஆதாரங்களோடு அனுப்பியது நாற்பத்தாறு பக்கம். நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை பிழைத்தார். அது போதும்.

ஆனால் வரைபடத்தில் இன்னும் பதினொன்றுதான். பேயை நம்பாத ஒருவன் என்றைக்காவது வருவான், படகோடு வருவான். அதனால் கேட்ட இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டேன். முக்கியமான பகுதி இது:

"அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு ஜூலை மாதக் காலையில் ஏழாம் கம்பத்தடியில் விழுந்தார். கயிறு விற்கும் பெண் ஒருவர் கொக்கியால் அவரை மீட்டார். அதன் பிறகு அவரால் அங்கே போக முடியவில்லை. மற்ற ஆறு கம்பங்களுக்கும் ஒருநாள் தவறாமல் போனார். ஏழாவதற்குப் பதினொன்று என்று எழுதினார், அது பொய். அவர் மானம் போகாமல் இருக்கப் படகுக்காரர்கள் ஒரு பேயை உண்டாக்கி, அதைத் தாங்களும் மதித்து நடந்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் இது ஒன்றுதான். ஏழாம் கம்பத்தின் ஆழம் நாலரை அடி. அலுவலக வரைபடம் இதை இன்னும் அறியவில்லை."

அச்சுக்கு அனுப்பவில்லை. நீயும் அக்காவும் பார்க்க வேண்டும். அப்பா யாரும் பார்க்கவில்லையே என்று கேட்ட விஷயம் இது. அதை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைக் காப்பகம் தீர்மானிக்க முடியாது. நீ அடித்தால் அடித்ததுதான். வாதாட மாட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 23

அண்ணாவுக்கு,

நீ கேட்காததால் சொல்கிறேன். டிக்கெட் கொடுக்கும்போது இரண்டு பேரிடம் மட்டும், "நேத்து பொறியாளர் காலர் கிழிஞ்சிருந்துதாமே, பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் என்னிடமே வந்து, அவர் கழுத்தில் கொக்கியின் தழும்பு இருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். மூன்றாம் நாள் அலுவலகத்தில் பாதிப் பேர் நீலச் சட்டையில் வந்தார்கள்.

உன் பக்கத்தை ஒரு வாரம் வைத்திருந்தேன். இரண்டு முறை பேனாவை எடுத்து அந்த முதல் வரியை அடிக்கப் போனேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பேய்னு போட்டுக்கோ, கிழவின்னு மட்டும் போட்டுடாதே" என்றார். அப்புறம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷம் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தாளு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரு. நாங்க ஒளிச்சு வெச்சது அவருக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு, "அச்சுக்கு அனுப்பு" என்று தந்தி மாதிரி ஒரு வரி எழுதினேன்.

விழாவுக்கு நீ வரவில்லை. எதையாவது திருத்திவிடுவாய் என்று நான் பயப்படுவேன் என்று நினைத்தாயாக்கும். பயந்தேன்தான். இருந்தாலும் வந்திருக்கலாம்.

கையேட்டை அச்சிடுமுன் அலுவலகத்தில் யாரும் படிக்கவில்லை. படங்கள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்களாம். மேடைக்கு யார் பெயர் என்று சொல்ல வேண்டுமே, தலைமை அதிகாரி உன் பக்கத்தைப் பிரித்து மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். "அவருக்கு நீச்சல் தெரியாது" என்று கேட்டதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு படகுக்காரர், "தெரியாமத்தான் ஆறு கம்பத்துக்கும் தினம் போனாரா மனுஷன்?" என்றார். "பொய்" என்ற இடத்தில் அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. நடுவில் விட்டால் தெரிந்துவிடும், படித்தாலும் தெரிந்துவிடும். மூன்றாம் வரிசையிலிருந்து அக்கா, "சத்தமா படிங்க சார், நல்லாத்தானே போகுது" என்றார். நாலரை அடி வரை படித்தார். வரைபடத்தைப் பற்றிய வரியையும் படித்தார். மைக் நல்ல மைக்.

உன் மாப்பிள்ளை மூன்றாம் கம்பத்தில் அலுங்காமல் கட்டினார்.

இன்று காலையில் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி, கையில் பிரிக்காத புதுக் கயிறு. ஏழாம் கம்பத்தை அளந்து வரச் சொல்லி எழுத்தில் உத்தரவு. மேடை நுனிவரை போனார். எட்டிப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் வந்தார். நான் டிக்கெட் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், படகுக்காரர்களும் பார்த்தார்கள், வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார், சத்தமாக.

"தெரியாட்டி என்ன, இடுப்பைக் காட்டு" என்று அக்கா கடையிலிருந்து எழுந்தார்.

தங்கை